தாழ்ப்பாள் அக்கா விட்டுவைத்த பெயர்

கதவைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டு, கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பி, ஏறி உட்கார வேண்டிய நேரத்தில் தாழ்ப்பாள் அக்கா திரும்பி நடப்பாள். படியேறிப் போய், தான் பூட்டிய கதவைத் தானே தோளால் ஓர் இடி இடித்துப் பார்ப்பாள். பிறகு பக்கவாட்டில் போய்ச் சமையலறை ஜன்னலை நகத்தால் நெம்புவாள். ஒன்றும் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்தில் களை வரும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் இதைப் பார்த்துப் பதறிப்போய், வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தவரிடம் ஓடிவந்து, "சார், யாரோ ஒரு பொம்பளை அந்த வீட்டை உடைக்கப் பாக்குது" என்றார். "ஆமாங்க, நானும் கல்யாணம் ஆனதுல இருந்து பாக்கறேன், இன்னும் உடைக்க முடியல" என்றார் கணவர்.

அக்காவுக்கு இதில் வெட்கமெல்லாம் கிடையாது. "உள்ள நின்னு பாத்தா எல்லாப் பூட்டும் நல்ல பூட்டுதாங்க. வெளிய நின்னு திருடன் மாதிரி ஒரு தடவை தள்ளிப் பாக்கணும். அப்பத்தான் நம்ம லட்சணம் தெரியும்" என்பாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். புதுப் புது மாதிரிகள் அவர் கடையில் தொங்கினாலும் அக்கா போட்டிருப்பது பழைய கறுப்புச் சட்டம்தான். காது மடலில் அது பழகிவிட்டதாம். வேலை செய்யும் இடத்தில் வருஷம் முழுக்க ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதைக் கழற்ற மாட்டாள், ஏனென்றால் அவள் உட்காரும் அறை அப்படி.

அது ஒரு நடுத்தர மருத்துவமனை. மருந்துக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் இடையில், ஒரு காலத்தில் வாளியும் துடைப்பமும் போட்டுவைத்திருந்த அறை. இப்போது அங்கே ஆளுயர இரும்பு அலமாரி நிற்கிறது. அதற்குள் பச்சை விளக்குகள் சிமிட்டும் கறுப்புப் பெட்டிதான் சர்வர். அது சூடாகிவிடக் கூடாது என்று குளிரூட்டி ஓயாமல் ஓடும். நோயாளிகளிடம் எடுக்கும் ரத்தத்தை ஆய்வக இயந்திரங்கள் அளக்கும், அளந்த எண் கம்பி வழியாக இந்தப் பெட்டிக்கு வரும், இங்கிருந்து டாக்டரின் திரைக்குப் போகும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு ஏற்றுவது என்று சொல்வார். இந்தப் பெட்டியைக் காப்பது அக்காவின் பொறுப்பு. வேறு ஆள் கிடையாது.

"எவனாவது திருடிட்டுப் போனாக்கூடத் தலைவலிதான், சமாளிச்சுக்கலாம்" என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள். "உள்ள வந்து சத்தமில்லாம ஒரு மூணை ஆறாக்கிட்டுப் போனான்னா? டாக்டர் ஆறுன்னு நம்பித்தானே மருந்து எழுதுவாரு? யாருங்க கண்டுபிடிக்கப் போறா?" கணவர் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பேச்சைச் சாப்பிடும்போது எடுக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் வந்தது.

யாராவது அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னதான் வேலை பண்ணுவீங்க இங்க?" என்று கேட்டால், அக்கா வாய் திறந்து பதில் சொல்வதில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாள். அதில் வரிகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருக்கும்.

"என்னங்க இது?"

"கதவைத் தட்டறாங்க."

"யாரு?"

"தெரிஞ்சா நான் ஏன் ஸ்வெட்டரையும் போட்டுக்கிட்டு நடுங்கறேன்?"

பெட்டிக்கு முன்னால் உட்காராமலே, ஊரின் எந்த மூலையிலிருந்தும் அதற்குள் நுழைந்து வேலை செய்ய ஒரு வழி உண்டு. பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால் போதும். நமக்கு வழி என்றால் திருடனுக்கும் அதுதான் வழி. தெருவோடு போகிறவன் ஒருவன், ஒரு வீடு விடாமல் எல்லாக் கதவின் குமிழையும் திருகிப் பார்த்துக்கொண்டே போனால் எப்படியோ, அப்படித்தான் நாள் முழுக்க எங்கிருந்தோ யாரோ திருகிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆள்கூட இல்லை, அதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள். 'அட்மின்' என்று ஒரு தட்டு, 'டெஸ்ட்' என்று ஒரு தட்டு, 'கெஸ்ட்' என்று ஒரு தட்டு. ஒவ்வொரு வரிக்கும் கீழே சர்வர் 'தோல்வி' என்று எழுதிக்கொண்டு போகும். அந்தச் சொல்லைப் பார்த்தால்தான் அக்காவுக்கு டீ இறங்கும்.

ஆகவே அவள் வழியைக் குறுக்கிக்கொண்டே வந்தாள். 'ரூட்' என்று ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரில் நுழைந்தவன் வைத்ததுதான் சட்டம். அந்தப் பெயரில் வெளியிலிருந்து யாரும் நேராக வரக் கூடாது என்று முதலில் அடைத்தாள். அடுத்தது கடவுச்சொல். யூகித்துவிடக்கூடிய எதுவும் வேண்டாம், அவரவர் கணினியில் ஒரு சாவிக் கோப்பு இருக்க வேண்டும், அது இருந்தால்தான் கதவு திறக்கும் என்று மாற்றினாள். பிறகு, இன்னின்னார் மட்டும் வரலாம் என்று ஒரு வரியில் பெயர்களை எழுதி, மற்றவர்களை வெளியே நிறுத்தினாள். கடைசியில், வருகிறவர்களும் மருத்துவமனைக்கு உள்ளிருந்தோ அவள் வீட்டு இணைப்பிலிருந்தோதான் வர வேண்டும் என்று ஆக்கிவிட்டாள்.

ஆட்களுக்குச் சுள்ளென்று வந்தது. மருந்துக் கிடங்குக் கணக்கர் அதுவரை காலையில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே இருப்பு பார்த்துவிட்டு, ஆற அமர வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். அவர்தான் 'தாழ்ப்பாள்' என்ற பெயரை வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வாயிற்காவலர்கூட, "தாழ்ப்பாள் அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார். அக்காவுக்கு உள்ளூர அதில் கொஞ்சம் பெருமை. அறையின் சாவி விஷயத்திலும் அவள் அப்படித்தான். காவலரின் மேசையில் ஆணியில் தொங்கிய சாவியை வாங்கித் தன் பைக்குள் ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டாள். மாற்றுச் சாவி மேலாளரிடம் இருந்தது, அவர் பாதி நாள் வெளியூரில் இருப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, பட்டவர்கள் சொல்லிச் சொல்லி வந்தது. தூரத்திலிருந்து கதவின் பூட்டை மாற்றும்போது, திரையில் நாம் உள்ளே நுழைந்த ஜன்னலை மூடக் கூடாது. பூட்டை மாற்றிவிட்டு, பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, புதிய வழியில் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்துவிட்டால்தான் பழைய ஜன்னலை மூடலாம். எழுத்துப்பிழையோ வேறு தப்போ நேர்ந்துவிட்டால், பழைய ஜன்னல் வழியாகத் திரும்பிப் போய்ச் சரிசெய்யலாம், ஏனென்றால் பூட்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை சர்வர் வெளியே தள்ளாது. அக்காவுடன் படித்த ஒருவன் அனுமதிப் பட்டியலில் தன் பெயரையே எழுத மறந்து, ஜன்னலையும் மூடிவிட்டு, ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து போய் அந்தப் பெட்டியைத் தொட வேண்டியதாயிற்று. அவனை இன்றைக்கும் 'பஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா அந்தப் பழக்கத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவில் ஒரு பெயர் மட்டும் தனியாகத் தப்பியிருந்தது. அது அண்ணனுடைய பெயர்.

அண்ணன் ஆய்வக இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பல மருத்துவமனைகளுக்குப் பொது, இவர்களுக்கும் அவன்தான். காரின் பின் இருக்கை முழுக்கக் குழாய்களும் வயர்களும் கிடக்கும். வாய் ஓயாது. எங்கே நிற்கிறானோ அங்கிருந்தே மடிக்கணினியைத் திறந்து, இந்த சர்வருக்குள் நுழைந்து, இயந்திரத்திலிருந்து எண் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பான். நின்றுபோயிருந்தால் ஓட விடுவான். அதற்காக அவன் பெயருக்கு நிர்வாக அதிகாரமும் கொடுத்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் தன்னைக் கூப்பிட வேண்டாமே என்று.

"பாப்பா, அந்தச் சாவிக் கோப்பெல்லாம் எனக்குச் சரிப்படாது. நான் இன்னிக்கு ஒரு கம்ப்யூட்டர், நாளைக்கு ஒரு கம்ப்யூட்டர். பாஸ்வேர்டே இருக்கட்டும்" என்றான்.

"ஒரே இடத்துல இருந்தாவது வாயேன் அண்ணா."

"ஊர் ஊரா சுத்தறவன் எந்த இடத்தைச் சொல்லட்டும்? நான் என்ன திருடனா? உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூல் வாசல் வரைக்கும் போனவன்டி."

அவனுக்கு மட்டும் கடவுச்சொல், அவனுக்கு மட்டும் எந்த இடத்திலிருந்தும் வரலாம் என்று, விதிகளுக்குக் கீழே அக்கா தனியாக ஒரு விலக்கு எழுதினாள். ஆட்டம் காணும் பல்லை நாக்கு தேடிப் போவதுபோல அவள் கண் தினமும் அந்த வரிக்குப் போகும். அடுத்த மாசம் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வாள். கணக்கருக்கு மறுத்ததை அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற உறுத்தல் வேறு. மனசுக்குச் சமாதானமாக ஒன்று செய்துவைத்தாள். எங்கிருந்து யார் சர்வருக்குள் நுழைந்தாலும் அவளுடைய கைபேசி 'டிங்' என்று ஒலித்துப் பெயரைக் காட்டும். அவளே நுழைந்தாலும் ஒலிக்கும். அப்போதும் தூக்கிவாரிப் போடும்.

அது ஒரு விடுமுறை நாள். மதியச் சாப்பாடு முடிந்து, கணவர் சோபாவில் கண்ணயர்ந்திருந்தார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, ஏதோ ஒரு மருத்துவமனையில் இயந்திரத்துக்குள் எலி குடும்பம் நடத்திய கதையைச் சொல்லிக்கொண்டே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் சாறு. கைபேசி 'டிங்' என்றது.

அக்கா எடுத்துப் பார்த்தாள். அண்ணனின் பெயர் இருந்தது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளும் ஆரஞ்சில் இருந்தன.

"அண்ணா, உன் லேப்டாப் எங்க?"

"கார்ல. ஏன்?"

"போன்ல எதுவும் ஓடுதா?"

"சட்டைப் பையில தூங்குது. என்ன பாப்பா, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

அக்கா எழுந்து போய் மடிக்கணினியை எடுத்துவந்து, ஆரஞ்சுத் தோலைக் கையால் ஒதுக்கிவிட்டு மேசையில் வைத்தாள். தன் சாவியால் சர்வருக்குள் நுழைந்தாள். அவளுக்கும் ஒரு 'டிங்' வந்தது. இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அவள். இன்னொன்று அண்ணன், இதுவரை பார்த்தேயிராத ஏதோ ஓர் இணைய முகவரியிலிருந்து.

எதிரில் உட்கார்ந்திருப்பவன் அங்கேயும் இருந்தான்.

அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தாள். அவசரமே இல்லாமல் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கிறவனைப் போல, ஒவ்வொரு கோப்புறையாகப் போய்க்கொண்டிருந்தான். ஆய்வக முடிவுகள் இருக்கும் கோப்புறைக்கு வந்து நின்றான். அக்காவின் விரல்கள் தாமாக ஓடின. பட்டியலிலிருந்து அண்ணனின் பெயரை நீக்கினாள், விலக்கை அழித்தாள், விதிகளைப் புதுப்பித்தாள். பழைய ஜன்னலை மூடாமல், புதிய ஜன்னலில் ஒருமுறை நுழைந்து பார்த்துக்கொண்டாள், அதற்கும் ஒரு 'டிங்' வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. மறுபடியும், உள்ளே யார் என்று கேட்டாள்.

அவன் அங்கேயேதான் இருந்தான்.

பூட்டை மாற்றினாலும் உள்ளே இருப்பவரை சர்வர் வெளியே தள்ளாது. இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றிய அதே வசதி இன்று அவனையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சரி, அவனை மட்டும் அறுத்துவிடுவோம் என்று விரலை வைக்கும்போது, கைபேசி இன்னொரு முறை 'டிங்' என்றது. இந்த முறையும் அதில் இருந்தது அக்காவின் பெயர்.

அவள் இப்போது நுழையவில்லை. இரண்டு கைகளும் விசைப்பலகையின் மேல் அசையாமல் இருந்தன.

"யாருடா இது!" என்று அவளையும் மீறிக் கத்திவிட்டாள். கணவர் அலறி எழுந்தார். அண்ணனுக்கு அவள் கொடுத்திருந்த நிர்வாக அதிகாரத்தை வைத்துக்கொண்டு, அவன் அவளுடைய பெயரிலேயே தனக்கு ஒரு வழி திறந்திருக்கிறான். உள்ளிருந்தே நுழைகிறான், அதனால் இடத்தைப் பற்றிய விதியும் அவனைத் தடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவான். உள்ளே இருந்த அக்காக்களில் எது தான், எது அவன் என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. எல்லோரையும் வெளியே தள்ள வேண்டும், தன்னையும் சேர்த்து. வெளிவழியையே அடைத்துவிட வேண்டும்.

அதற்கான கட்டளையை ஒற்றை வரியில் தட்டிவிட்டு, அக்கா விரலை நிறுத்தினாள். அவள் அதுவரை செய்யாத காரியம் அது. அழுத்தினால் அவளுடைய ஜன்னல்கள் எல்லாம் அடைபடும். அதற்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைவிட மோசமான ஒரு பயமும் இருந்தது. அந்த வரி ஒவ்வொருவராக வெளியே தள்ளும்போது அவளை முதலில் தள்ளிவிட்டால், அவளோடு சேர்ந்து கட்டளையும் பாதியில் செத்துப்போகலாம். அப்புறம் உள்ளே அவன் மட்டும் இருப்பான்.

"பாப்பா, என்ன ஆச்சு? சொல்லு" என்று அண்ணன் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றான். ஆரஞ்சு வாசனை அடித்தது.

அக்கா அழுத்தினாள். திரை அப்படியே உறைந்தது. அவ்வளவுதான்.

"காரை எடு" என்றாள்.

அண்ணன் ஓட்டிய ஓட்டத்தில் பின் இருக்கைக் குழாய்களெல்லாம் உருண்டன. அறைக்குள் போய், இணையம் வரும் வெளிக் கம்பியைப் பிடுங்கச் சொல்லலாம் என்று அக்கா காவலரைக் கூப்பிட்டாள். "சாவிதான் உங்க கிட்ட இருக்கே அக்கா" என்றார் அவர். மேலாளர் வெளியூரில் இருந்தார். யாராலும் உள்ளே போக முடியாதபடி அவள் அவ்வளவு நன்றாகப் பூட்டி வைத்திருந்தாள். பைக்குள் கைவிட்டு அந்தச் சாவியைத் தொட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்து ஆய்வகத்து மேடத்தைக் கூப்பிட்டாள்.

"மேடம், கம்ப்யூட்டர்ல வர்ற எந்த நம்பரையும் நம்பாதீங்க. மெஷின்ல பாத்து, கையால எழுதி அனுப்புங்க."

"என்னம்மா குண்டைத் தூக்கிப் போடறே? தீவிர சிகிச்சையில இருக்கற ஒரு அம்மாவுக்கு இப்பத்தான் பொட்டாசியம் ரிசல்ட் அனுப்பினேன்."

"எவ்வளவு?"

"மூணு. குறைவா இருக்கு, ஏத்தணும்."

"டாக்டர் ஸ்கிரீன்ல எவ்வளவு இருக்குன்னு பாருங்க மேடம். ஓடுங்க. போனை வைக்காதீங்க."

கைபேசியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது, யாரோ யாரையோ தள்ளி நிற்கச் சொன்னார்கள். படிக்கட்டில் மேடத்துக்கு மூச்சு வாங்குவது கேட்டது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆறு என்றால் ஏற்றுவதற்குப் பதில் இறக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், ஆறு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று அக்கா மனசுக்குள் கெஞ்சினாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மூணுதாம்மா இருக்கு" என்றது குரல். "டாக்டர் இன்னும் எதுவும் எழுதல. நான் பேப்பர்ல எழுதிக் கையிலேயே குடுத்துடறேன்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது ஒரே ஒரு எண். மற்ற எண்களுக்கு யார் சாட்சி?

அறைக்குள் நுழைந்ததும் விளக்கைக்கூடப் போடாமல், சுவரிலிருந்து வரும் வெளிக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். கிளிப் உடைந்து கையோடு வந்தது. பிறகுதான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே யார் என்று கேட்டாள். அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் அழுத்திய வரி பாதியில் சாகவில்லை, தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நின்றிருந்தது.

அவன் விட்டுப்போனவற்றைத் தேடினாள். அவளுடைய பெயரில் அவளுடைய சாவி இருந்தது, அதற்குக் கீழே அவளுடையது அல்லாத ஒரு சாவியும் இருந்தது. தன் படுக்கையில் யாரோ படுத்துவிட்டு எழுந்து போனதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது. ஆய்வகக் கோப்புறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிரல். ஓட விட்டிருந்தால் அத்தனை முடிவுகளையும் யாராலும் படிக்க முடியாத கிறுக்கலாக மாற்றி வைத்திருக்கும். இன்னும் ஓட விடவில்லை. கொண்டுவந்து வைத்திருந்தான், அவ்வளவுதான். அதற்குள் அவள் கதவை அடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வரை மேடம் இயந்திரத்தின் நினைவிலிருந்து ஒவ்வோர் எண்ணாக வாசிக்க, அக்கா திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து "சரி", "சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எதுவும் மாறியிருக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவள் குரல் கம்மிவிட்டது. ஆனாலும் அந்தப் பெட்டியை அவளால் நம்ப முடியவில்லை. ஒருவன் நடமாடிவிட்டுப் போன பெட்டி அது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பழைய சுத்தமான பிரதியிலிருந்து மறுபடி எழுப்பினாள். அது முடியும் வரை ஆய்வகத்தில் கையால் எழுதினார்கள், எல்லோரும் அவளை வாய்க்குள் திட்டினார்கள்.

அண்ணன் அன்று மீதிப் பொழுது முழுக்க மருந்துக் கிடங்கு வாசலிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எப்போதும் நிற்காத வாய் நின்றுபோயிருந்தது. அக்கா வெளியே வந்ததும் எழுந்தான்.

"பாப்பா… அந்த பாஸ்வேர்டு இருக்கே…"

"சொல்லு."

"மெயிலு, ஷாப்பிங், டிக்கெட் எடுக்கறது, எல்லாத்துக்கும் அதேதான் வச்சிருக்கேன். எங்கயோ ஒரு இடத்துல இருந்து போயிருக்கு போல."

அக்காவுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. "நீ கேட்டே, நான் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேலாளர் திரும்பி வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அண்ணனுக்காக எழுதிய விலக்கையும் மறைக்காமல். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "நீங்களா சொல்லலைன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா" என்றார். "அதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அக்கா. அவர் அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மாற்றுச் சாவி மட்டும் இப்போது காவலரிடம், முத்திரை வைத்த ஓர் உறைக்குள் இருக்கிறது.

சர்வருக்குள் வெளியிலிருந்து வரும் வழி முழுவதும் அடைபட்டுவிட்டது. அக்காவுக்கும் கிடையாது. ஏதாவது நின்றுபோனால் ஸ்கூட்டர் ஏறி நேரில் வர வேண்டும். கணவர் அலுத்துக்கொள்வதில்லை, கண்ணாடிக் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கொண்டுவந்து விடுகிறார். 'டிங்' என்ற ஒலியை அவள் மாற்றிவிட்டாள், ஆனாலும் யார் கைபேசியில் அந்த ஒலி கேட்டாலும் கையிலிருப்பது நழுவிவிடுகிறது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும், இவருடைய பெயரில் இப்போது வேறு யார் எங்கே இருக்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றுகிறதாம். பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்ளும் அண்ணனைப் பற்றியே அப்படித் தோன்றுவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அண்ணனும் இப்போது நேரில்தான் வருகிறான். ஆய்வக இயந்திரம் ஒன்று எண் அனுப்புவதை நிறுத்திவிட்டது என்று போன வாரம் வந்திருந்தான். இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டு, சர்வர் பக்கமும் ஒருமுறை நிறுத்தி ஓட விட வேண்டும் என்றான். அக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எலிகளின் மிச்சக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடவுச்சொல் கேட்டு, திரையில் அந்தச் சின்னக் கட்டம் வந்து நின்றது.

அண்ணன் கதையைப் பாதியில் நிறுத்தினான். அவனாகவே எழுந்து, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"ம், போடு பாப்பா" என்றான்.

அக்கா கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்தாள். பிறகு விசைப்பலகைக்கு மேல் இடது கையைக் கவித்து மூடிக்கொண்டு, வலது கை விரல் ஒன்றால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.